அருவாளுக்குப் பிடி போட எந்தக் கட்டை?

போன ஆடியில் ஒரு தம்பி போன் செய்தான். மானாமதுரை போகிற வழியில் திருப்பாச்சேத்தியில் இறங்கி, பிடியில்லாத வெறும் இரும்பாக ஒரு அருவாள் வாங்கி வந்திருக்கிறான். வீட்டில் ஒடிந்து கிடந்த நாற்காலிக் காலை அறுத்து அவனே பிடியாகச் செருகியிருக்கிறான். தோப்பில் முள் வெட்டப் போன மூன்றாம் நாள், "அண்ணே, பிடி மட்டும் கையில இருக்கு, அருவாளக் காணோம்" என்றான். இரும்பு பத்தடி தள்ளி வரப்பில் குத்தி நின்றிருக்கிறது. நல்லவேளை, அந்த நேரம் அந்த வரப்பில் யாரும் நடந்து வரவில்லை.

பிடி போட எந்தக் கட்டை நல்லது என்று கேட்டான். பதில் சொல்லி முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அவனைப் போல இன்னும் நாலு பேர் கேட்டுவிட்டதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நாங்கள் ஆறேழு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து நடக்கிறவர்கள். யானைமலை அடிவாரம், கீழக்குயில்குடி சமணர்மலை, அரிட்டாபட்டி, சிறுமலை, வருஷத்துக்கு ஒருமுறை சதுரகிரி. இரண்டு பேருக்குத் தூண்டில் பைத்தியம், ஒருவருக்குப் பறவை. எங்களில் பாதிப் பேருடைய தாத்தாக்கள் முயலுக்கும் கௌதாரிக்கும் போனவர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1991-இல் அதைத் திருத்தி இறுக்கிய பிறகு அந்தக் கதைகள் திண்ணையோடு நின்றுவிட்டன. நிற்கவும் வேண்டும். ஆனால் காடு சுற்றுகிறவன் கை சும்மா இருக்காது. தாத்தா கண்ணி முடைந்த கையால் பேரன் இன்று கரண்டி செதுக்குகிறான், தூண்டில் பெட்டி அடிக்கிறான், கைத்தடி சீவுகிறான், கத்திக்கும் அருவாளுக்கும் பிடி போடுகிறான். இதில் பிடிதான் எல்லாருக்கும் முதல் வேலை. ஒரு சாண் கட்டை இருந்தால் ஆரம்பித்துவிடலாம் என்பதால் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். தப்பான கட்டையில் ஆரம்பிப்பதும் இதில்தான்.

அருவாள் பிடிக்கு அழகு கடைசியில்தான் வரும். முதலில் அது அதிர்ச்சி தாங்க வேண்டும். ஒவ்வொரு வெட்டும் இரும்பு வழியாகப் பிடிக்குள் இறங்குகிறது. அடுத்து, பிடிக்குள் இறக்கிய இரும்பின் வால் பகுதியை (அதைத்தான் கூர் என்போம்) சுற்றி மரம் சுருங்கி விரியக் கூடாது. மூன்றாவது, வியர்த்த கையில் வழுக்கக் கூடாது. சித்திரை வெயிலில் அரை மணி நேரம் வெட்டினால் கை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த மூன்றையும் வைத்துத்தான் கீழே ஒவ்வொரு கட்டையையும் பார்க்கிறேன்.

எல்லார் வாயிலும் முதலில் வருவது தேக்கு. மரக்கடைக்குப் போனால் கடைக்காரரும் அதையே எடுத்துக் கொடுப்பார். கதவுக்கும் ஜன்னலுக்கும் தேக்கை மிஞ்ச ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். கரையான் சீக்கிரம் தொடாது, மழைக்கு முறுக்காது, உள்ளேயே எண்ணெய்ப் பசை உண்டு. ஆனால் அடி வாங்குவதில் அது சுகவாசி. கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோதான் எடை. நாரும் அவ்வளவு முரண்டு பிடிக்காது. கதவுக்கு அது நல்ல குணம், அருவாளுக்கு ஆகாது. நான் முதலில் போட்ட பிடி தேக்குதான். ஒரு மழைக்காலம் நன்றாக இருந்தது. அடுத்த பங்குனியில் ஒரு கருவேல வேரை ஓங்கி வெட்டியபோது, பிடியின் வாயை இறுக்கிப் பிடிக்கிற உலோக வளையமான பூணுக்குக் கீழே நேர்கோடாகப் பிளந்தது. பிளந்ததும் அழகாகத்தான் பிளந்தது, வகிடு எடுத்த மாதிரி. தேக்கில் மணல்சத்து இருப்பதால் உளி முனை சீக்கிரம் மழுங்குவது தனிக் கணக்கு. சின்னப் பேனாக்கத்திக்கும் தூண்டில் பெட்டிக்கும் தேக்குத் துண்டு அருமை. அருவாளுக்கு வேண்டாம்.

தேக்கைத் தாண்டினால் சிலர் நேராகத் தோதகத்திக்குப் போவார்கள். ஈட்டி என்றும் சொல்வோம். பார்க்க ராஜா மாதிரி இருக்கும், வலுவும் உண்டு. ஆனால் அதன் தூள் சிலருக்கு மூக்கிலும் தோலிலும் அரிப்பைக் கிளப்பும். முறையான ரசீதோடு வாங்கினால் விலை கையைக் கடிக்கும், ரசீது இல்லாமல் கிடைப்பதைத் தொடவே கூடாது. முள் வெட்டுகிற சாமானுக்கு இவ்வளவு பாடு எதற்கு?

என் ஓட்டு சீமைக்கருவேலத்துக்கு. இதைச் சொன்னதும் தம்பி சிரித்தான். "வெட்டப் போறதே அதைத்தானே அண்ணே" என்றான். அதனால்தான் சொன்னேன். கண்மாயைக் கெடுத்த மரம், நிலத்தடி நீரைக் குடித்த மரம் என்று திட்டு வாங்கி வளர்ந்தது அது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு அதுதான் பிழைப்பு. இவ்வளவுக்கும் நடுவில், அந்த மரத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அடுப்புக்குப் போகிற முண்டு ஒன்றைப் பிளந்து, ஒரு பக்கத்தை இழைத்து, எண்ணெய் தடவிப் பாருங்கள். கருப்பட்டிக்கும் செங்கல்லுக்கும் நடுவிலான ஒரு நிறம் எழுந்து வரும். கடையில் வாங்கிய மரத்தில் அந்த நிறத்தை நான் பார்த்ததில்லை.

நிறத்துக்காக இதைச் சொல்லவில்லை. கன மீட்டருக்கு 800 கிலோவைத் தாண்டுகிற கனம். கையில் பிடித்தாலே தெரியும். அதைவிட முக்கியம், காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். சுருங்குவதும் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில். ஐப்பசி மழையில் ஊதி, சித்திரையில் வற்றி, பூணை லொடலொடவென்று ஆட்டுகிற வேலை இதில் ரொம்பக் குறைவு. எங்கள் ஊர் மாதிரி எட்டு மாதம் வெயிலும் இரண்டு மாதம் மழையும் உள்ள இடத்தில் ஒரு பிடிக்கு இதைவிட என்ன வேண்டும்?

குறைகள் இல்லாமல் இல்லை. நேரான துண்டு கிடைப்பதே பாடு. கை கனத்தில் நேராக இருக்கிற கொப்பு முழுக்க வெளிறாக, அதாவது வைரம் பாயாத வெளிமரமாக, இருக்கும். வைரம் பாய்ந்த அடிமரமோ முறுக்கிக் கிடக்கும். வெளிறை நம்பிப் பிடி போட்டால் ஒரு வருஷத்தில் உளுத்து, பூணுக்கடியில் மஞ்சள் மாவு கொட்டும். அந்த மாவைப் பார்த்துவிட்டால் பிடியைக் கழற்றிவிட வேண்டியதுதான். அதனால் தொடை கனத்துக்குக் குறையாத முண்டாகப் பார்த்து வாங்கி, நடுவைத் தவிர்த்துவிட்டு, கரும்பழுப்பான பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு முண்டில் இரண்டு பிடி தேறினால் அதிர்ஷ்டம். மிச்சம் அடுப்புக்கு. இன்னொன்று முள். காய்ந்த முள் காலில் ஏறினால் நாலு நாளைக்கு நடக்க முடியாது. நான் ஏற்றிக்கொண்டிருக்கிறேன், அதனால் விறகுக்கடையில் முள் கழித்து வந்ததையே வாங்குகிறேன். எடைக்கு எடை விறகு விலை. "எதுக்குண்ணே இந்த ஒரு முண்டையே புரட்டிப் புரட்டிப் பாக்குறீங்க, எல்லாம் ஒண்ணாத்தான் எரியும்" என்று கடைக்கார அக்கா கேட்கும்.

நாட்டுக் கருவேலத்தை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். பல் துலக்கும் வேலங்குச்சி நாட்டுக் கருவேலத்தில் வருவது. கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் நம் ஆட்கள் காலங்காலமாக நம்பிய மரம் அது. மண்வெட்டிக் காம்புக்கும் அதுதான். பிளவுக்கு எளிதில் இடம் கொடுக்காது, நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதிர்ச்சி தாங்குவதில் சீமையைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். அப்படியானால் ஏன் அதற்கு ஓட்டுப் போடவில்லை? கிடைக்காது. கண்மாய்க்குள் நிற்பதெல்லாம் அரசாங்கக் கணக்கில் நிற்கிற மரங்கள், ஏலம் விட்டுத்தான் வெட்டுவார்கள். சொந்தப் பட்டாவில் யாராவது வெட்டினால், சேதி தெரிந்து நாம் போவதற்குள் லோடு ஏறியிருக்கும். உங்கள் சித்தப்பா தோட்டத்தில் ஒன்று விழுந்தது என்றால் மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உசிலையும் அப்படித்தான். உசிலம்பட்டிக்குப் பேரைக் கொடுத்த மரம் என்பார்கள். இலையை உலர்த்தி இடித்தால் தலைக்குத் தேய்க்கிற அரப்பு. கட்டையை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஊதா கலந்த பழுப்பு, நல்ல இறுக்கம். பேரையூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் வேலியில் காற்றுக்கு ஒடிந்த கொப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் போட்ட சின்னக் கத்தி ஐந்து வருஷமாக என் பையில் இருக்கிறது. ஒரு வெடிப்பு இல்லை.

புளி வேறு ஜாதி. கறிக்கடையில் வெட்டுகிற கட்டை புளிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்கக் கத்தி விழுந்தும் அது சிதறுவதில்லை. கிழட்டு மரத்தின் நடுவில் ஊதாக் கறுப்பாக ஒரு வைரம் இருக்கும். எடுத்து இழைத்தால் கருங்காலிக்குப் பக்கத்தில் உட்காரும். ஆனால் பெரிய மரத்திலும் அந்த வைரம் கொஞ்சம்தான். சுற்றிலும் இருக்கிற வெளுத்த பாகத்தைக் கடைக்காரர் அதே விலைக்குத் தள்ளிவிடுவார், அதையும் பூச்சி விடாது. அப்புறம், புளியில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அந்த மரத்துக்கே தெரியாது. உளி போகிற போக்கில் திடீரென்று கிளப்பிவிடும். கை பழகாதவர்கள் புளியில் ஆரம்பித்தால் மூன்றாம் நாள் மரவேலையையே விட்டுவிடுவார்கள். விட்டவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இரண்டு பேர் உண்டு.

புளியைப் பற்றிப் பேசும்போது வளரி என்கிற வளைந்த எறிதடியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்களில் ஒருவர் சுவரில் மாட்ட ஒரு வளரி செய்தார். எறிவதற்கு இல்லை. அவருடைய கொள்ளுத்தாத்தா வளரி வீசி முயல் அடித்தவர் என்ற நினைப்புக்காக. முதலில் நேரான பலகையில் பிறை மாதிரி வரைந்து அறுத்தார். அழகாக வந்தது. மேசையிலிருந்து தரையில் விழுந்ததும் வளைவில் இரண்டாக ஒடிந்தது. நார் நேராக ஓட, வடிவம் வளைந்து போனால் வளைகிற இடத்தில் நார் துண்டு துண்டாக அறுபட்டிருக்கும், அங்கே பலமே இருக்காது. அடுத்த தடவை, இயல்பாகவே வளைந்திருந்த புளியங்கொப்பைத் தேடி எடுத்துச் செய்தார். அது நிற்கிறது. புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் வளரிகளைப் பார்த்தபோது, செய்தவன் முதலில் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்திருப்பான், உளியை எடுத்தது அப்புறம்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிடிக்கும் இதே கதைதான். ரம்பத்தில் அறுத்து எடுத்த துண்டைவிட, கோடாலியால் பிளந்து எடுத்த துண்டு உசத்தி. பிளவு நாரோடு போகும், ரம்பம் எங்கே வேண்டுமானாலும் போகும்.

கை பழகாதவர்களுக்கு நான் சொல்வது பூவரசு. இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளை எங்கள் ஊரில் உண்டா? அந்த மரத்துக்கும் அந்த விளையாட்டுக் குணம்தான். உளி போகிற இடமெல்லாம் வழி விடும். இளஞ்சிவப்பில் தொடங்கிச் சாக்லேட் பழுப்பு வரை நிறம் ஓடும், உப்புத்தாள் போட்டால் வழுவழுவென்று ஆகும். கனம் தேக்குக்குக் கொஞ்சம் மேலே, கருவேலத்துக்கு நன்றாகக் கீழே. வேலியில் நட்ட கொப்பே துளிர்க்கிற மரம் என்பதால் கிராமத்தில் கேட்டாலே கொடுப்பார்கள். அருவாளுக்குப் போடலாமா? சமையலறை அரிவாள்மணைக்கும் தேங்காய் வெட்டுகிற சின்ன அருவாளுக்கும் தாராளமாகப் போடலாம். வேர் வெட்டுகிற பெரிய அருவாளுக்கு இரண்டு மூன்று வருஷத்தில் பூண் ஓரம் நசுங்கிப் போகும். அது போகட்டும். முதல் பிடி இரண்டு வருஷம் தாங்கினால் போதாதா? அதற்குள் இரண்டாவதைச் செய்யக் கற்றுக்கொண்டிருப்பீர்கள்.

வேம்பைப் பற்றிக் கேட்பார்கள். கட்டை மோசமில்லை, பூச்சி குறைவு. ஆனால் நார் குறுக்கும் நெடுக்கும் போவதால் வழுவழுப்பாக வராது. அதோடு எங்கள் தெருவில் வேம்பை வெட்டி அருவாளுக்குப் பிடி போட்டேன் என்று சொன்னால் ஆத்தாவுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தான். பனை வைரம் பார்க்கக் கோடு கோடாக மயக்கும், உரசினால் கையில் சிம்பு ஏறும். பிடிக்கு ஆகவே ஆகாது.

பழைய வீட்டு மரம் ஒரு நல்ல குறுக்குவழி. காரைக்குடியில் பழஞ்சாமான் கடைகளில் உத்திரத் துண்டு, நிலைத் துண்டு எல்லாம் கிடைக்கும். பர்மா தேக்கு என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். அதைத் தள்ளிவிட்டு, ஓரமாகக் கிடக்கிற, தூக்க முடியாத அளவுக்குக் கனமான பழைய துண்டு ஏதாவது உண்டா என்று கேளுங்கள். ஆச்சா கிடைத்தால் விடாதீர்கள். நாதஸ்வரம் செய்கிற மரம், தண்ணீரில் போட்டால் முழுகும். அதில் துளை போட என் கைத்துரப்பணம் இரண்டு முனையைப் பறிகொடுத்தது. பழைய மரத்தில் காயவைக்கிற வேலை மிச்சம், ஆணி தேடுகிற வேலை கூடுதல். காந்தத்தை மேலே ஓட்டிப் பார்க்காமல் ரம்பத்தை வைக்காதீர்கள்.

மான் கொம்பில் பிடி போட்டால் எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டார். வெளிநாட்டுக் கத்திகளில் பார்த்திருக்கிறார். நம் நாட்டில் அதை நினைக்கவே வேண்டாம். காட்டில் தானாக உதிர்ந்து கிடந்ததை எடுத்து வந்தாலும் வழக்குதான்.

சரி, கட்டை வந்தாயிற்று. தம்பி அன்று மாலையே பிடி போட நினைத்தான். இங்கேதான் நல்ல கட்டையும் கெட்டுப்போகும். பச்சை மரம் கனத்தில் ஓர் அங்குலம் காய ஒரு வருஷம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. பிடி அளவுக்குப் பிளந்து வைத்தால் சில மாதங்களில் தேறும். வெயிலில் வைக்கவே கூடாது. மதுரை மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, இரண்டு முனையும் முதலில் வற்றி, நடுவில் ஈரம் இருக்க, முனையிலிருந்து வெடிப்பு ஓடும். முனைகளை உருக்கிய மெழுகிலோ பழைய பெயின்ட்டிலோ முக்கிவிட்டு, கட்டிலுக்கடியில் தள்ளிவிடுங்கள். எத்தனை நாள் என்பதற்குக் காலண்டர் பார்க்க வேண்டாம். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து, கட்டையிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று வாரம் ஒரே எண் வந்தால் காய்ந்துவிட்டது. வீட்டில் திட்டு விழும், தராசைத் துடைத்து வையுங்கள். பிடி இறக்குவதற்குக் கோடையே நல்லது. மரம் மிகவும் வற்றியிருக்கிற நேரத்தில் பூண் போட்டால் மழைக்கு அது ஊதி இன்னும் இறுக்கமாகும். ஐப்பசியில் போட்டால் நேரெதிராகச் சித்திரையில் ஆடும்.

இரும்புக் கூரைப் பிடிக்குள் இறக்குகிற விதம் கட்டைக்குக் கட்டை மாறும். பட்டறைப் பழக்கம் சுட்டு இறக்குவது. கூரைவிடச் சன்னமாக ஒரு துளை போட்டு, இரும்பு வாயில் ஈரச் சாக்கைச் சுற்றி, கூரை மட்டும் கரியடுப்பில் காய்ச்சி, துளைக்குள் அழுத்தி, புகை வந்ததும் இழுத்து, ஆறவைத்து, மறுபடி. மூன்று நாலு தடவையில் மரம் தன்னைத் தானே கூரின் வடிவத்துக்கு எரித்துக்கொள்ளும். கடைசியில் அரக்குத் தூளை உள்ளே கொட்டி, சூடான கூரை இறக்கினால் உருகிப் பிடிக்கும். ஈரச் சாக்கை மறந்தால் அருவாளின் பதம் போய்விடும், அப்புறம் அது வெண்டைக்காய் வெட்டத்தான். சீமைக்கருவேலமும் புளியும் இந்தச் சூட்டை அலட்டிக்கொள்ளாமல் வாங்கும். பூவரசு மென்மையானது, சூடு கூடினால் துளை அகண்டு போகும், ஆகவே கூர் சிவக்கும் வரை விடாதீர்கள். தேக்குக்குச் சுடுவதே வேண்டாம், அளவாகத் துளைத்து எபாக்சிப் பசை விடுங்கள். எண்ணெய்ப் பசை உள்ள மரமாதலால் ஒட்டுவதற்கு முன் துளையைத் தின்னரால் துடைக்க வேண்டும். எந்தக் கட்டையானாலும் பூணை முதலில் அடித்துவிட்டுத்தான் கூரை இறக்க வேண்டும். தம்பி பூணே போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வடிவத்துக்கு மர அரமும் ஒரு கண்ணாடிச் சில்லும் போதும். உடைந்த கண்ணாடியின் விளிம்பால் சுரண்டினால் கருவேலம் சுருள் சுருளாக இழையும், உப்புத்தாளைவிட வேகம். கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். 120-ஆம் எண் தாளோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் வழுவழுப்பாக்கினால் வியர்வையில் நழுவும். வார்னிஷும் அதே காரணத்துக்காக ஆகாது. ஆளிவிதை எண்ணெய் நாலு கை தடவினால் போதும். தடவிய துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள், அது தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும் எண்ணெய். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுப்பாகவே நிற்கும். விளக்கெண்ணெயைத் தாத்தா தடவுவார். அவர் கையில் காய்ப்பு இருந்தது, அவருக்கு எதுவும் ஒத்துக்கொள்ளும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறேன். காப்புக்காட்டிலிருந்து ஒரு குச்சிகூட எடுக்கக் கூடாது. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது, சதுரகிரி இருப்பதோ இப்போது புலிகள் காப்பகத்துக்குள். மலை ஏறக் கம்பு வேண்டுமென்றால் தாணிப்பாறையில் விற்பதை வாங்கிக்கொள்ளலாம், அல்லது வீட்டிலிருந்தே ஒரு கல்மூங்கிலைச் சீவி எடுத்துப் போகலாம். அருவாளை மலைக்குக் கொண்டுபோகவே கூடாது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்ததாக இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் ஆயுதம். தோப்பில் அது விவசாயச் சாமான். ராத்திரி பத்து மணிக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் பையில் இருந்தால் அதே வாதத்தைப் போலீஸ்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். தேக்குத் துண்டை வாங்காதே. பூவரசில் ஒரு பிடியை உடனே போட்டுப் பழகு, அது தேங்காய் வெட்டுகிற சின்ன அருவாளுக்கு. பெரிய அருவாளைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, சீமைக்கருவேல முண்டு ஒன்றைப் பிளந்து காயப்போடு. கை தேறி, கோடை வந்த பிறகு அதை எடுக்கலாம். புளி வைரம் எங்காவது கண்ணில் பட்டால் வாங்கி வை, அதற்கு உன் கை தயாராக இன்னும் மூன்று வருஷம் ஆகும். அவனுக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "ஒரு பிடிக்கு எட்டு மாசமா அண்ணே?" என்றான். ஆனாலும் செய்தான்.

அவனுடைய கருவேலத் துண்டு ஆவணியில் 905 கிராம் இருந்தது. தை முடிவில் 760. பங்குனி பிறந்ததிலிருந்து 738-ஐ விட்டு அசையவில்லை, மூன்று வாரமாக அதே எண்ணையே எழுதியிருக்கிறான். வருகிற ஞாயிறு மலைக்கு லீவு. என் வீட்டு மாடியில் கரியடுப்பு மூட்டுகிறோம், பித்தளைப் பூண் வாங்கி வருவது அவன் பொறுப்பு.